மனச்சோர்வை ரத்தத்தில் தேடலாமா?

பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ரத்தத்தில் உள்ள சி.ஆர்.பி. என்ற புரதம், ஹோமோசிஸ்டீன், வைட்டமின் டி ஆகியவற்றின் அளவை வைத்து அதை முன்கூட்டியே கணிக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. செட்டியார்பட்டியில் கை கால் விழுந்து கிடப்பவரின் குடும்பத்தை, ராஜபாளையம் லேபுக்கு இதற்காகக் காசு கட்டச் சொல்லலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். படுக்கையில் கிடப்பவருக்குச் சிறுநீர்த் தொற்று வரும், முதுகில் புண் வரும், புரையேறி நுரையீரல் கெடும். பக்கவாதம் கடுமையானால் இவையும் கூடும், மனச்சோர்வும் கூடும். ஏறிய சி.ஆர்.பி. எதைக் காட்டுகிறது? வெளியே வராதவர் மேல் வெயில் படாது. வைட்டமின் டி குறைந்தது சோர்வுக்குக் காரணமா, விளைவா?

கணக்கும் உதவவில்லை. நோயுள்ளவர், இல்லாதவர் இரு தரப்பிலும் நூற்றுக்கு 75 பேரைச் சரியாகப் பிரிக்கும் சோதனை என்றே வைத்துக்கொள்வோம். நூறு பேரில் 32 பேருக்கு மனச்சோர்வு இருந்தால் 8 பேரைத் தவறவிடும். சோர்வே இல்லாத 17 பேருக்கு இருப்பதாகச் சொல்லும். அந்த 17 பேருக்கு மாத்திரை கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் 2018-இல் வெளிவந்த ஃபோகஸ் ஆய்வைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பக்கவாதம் வந்த 3,127 பேரிடம் நடந்தது அது. ஆறு மாதம் ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களிடம் புதிதாக வரும் மனச்சோர்வு குறைந்தது. எலும்பு முறிவோ ஏறத்தாழ இரு மடங்கானது.

ரத்தச் சோதனைக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று உண்டு: பேச்சு போனவரிடம் கேள்வி கேட்க முடியாதே! ஆனால் ரத்தக் குறியீடுகள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பேச முடியாதவர்களைச் சேர்க்கவே இல்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே சோதித்துப் பார்க்காத அளவுகோல் இது. அவர்களுக்கென்று, அழுகிறாரா, தூங்குகிறாரா, முகம் கொடுக்கிறாரா என்று கூட இருப்பவரிடம் கேட்டு மதிப்பெண் போடும் வினாப்பட்டியல் 1998 முதலே இருக்கிறது. பேசக்கூடியவர்களுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ. இருக்கிறது, அதற்குச் செலவில்லை.

தைராய்டு, பி12, சோடியம் பார்ப்பது வேறு விஷயம். அவை குறைந்தாலும் ஆள் சோர்ந்துபோவார், கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். மற்றக் குறியீடுகள் ஆய்வுக்கூடத்தில் வளரட்டும். 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரையோடு பணியாளர் வீட்டு வாசலுக்கே வருகிறார். அந்த ஒன்பது கேள்விகளையும் அவர் கையில் கொடுத்து, சோர்வு தெரிந்தால் யாரிடம் அனுப்புவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும்.