கேட்டுப் போட்ட விலாசம்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். கொஞ்ச நேரம் கறுப்புத் திரை, லேசாக ஒரு உறுமல், அப்புறம் படம் வருகிறது. அந்தச் சில விநாடிகளில் பெட்டிக்குள்ளே ஒரு பட்டுவாடா நடந்து முடிந்துவிடுகிறது. விலாசப் பட்டுவாடா!

ப்ராசஸருக்கு சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு என்றெல்லாம் ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் நம்பர்தான். இந்த நம்பரில் எழுது, அந்த நம்பரைப் படி. எந்த நம்பருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கணக்கு வைத்திருப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியில் இருக்கும் கெர்னல். விருதுநகர் கமிஷன் மண்டியில் எந்தச் சரக்கு எந்த குடோனில் எத்தனை மூட்டை என்று விரல்நுனியில் வைத்திருப்பாரே கணக்குப்பிள்ளை, அவருடைய வேலைதான்.

இந்த வேலையைப் பற்றிப் பேசும் புத்தகங்களில் புகழ்பெற்றது 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்'. ஜோனதன் கார்பெட், அலெஸாண்ட்ரோ ருபினி, கிரெக் க்ரோ-ஹார்ட்மன் என்று மூன்று பேர் எழுதியது. மூன்றாம் பதிப்பு 2005-ல் வந்தது. ஓரைலி வெளியீடு. நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது ஸார். முக்கால்வாசி இது கணக்குப் புத்தகம்.

முதலில் பாராட்டு. ஒன்பதாவது அத்தியாயத்தில் ஓர் ஒழுங்கைச் சொல்லித்தருகிறார்கள். எந்த டிரைவரும் ஒரு நம்பரைத் தொடும் முன்பு, 'இது எனக்கு' என்று கெர்னலிடம் சொல்லிப் பதிய வேண்டும். ஏற்கெனவே இன்னொருவர் பெயரில் பதிவாகியிருந்தால் அனுமதி கிடையாது. பதிந்ததெல்லாம் பேரேட்டில் ஏறும். லினக்ஸில் அட்மின் உரிமையோடு போனால் அந்தப் பேரேட்டை நீங்களே திறந்து பார்க்கலாம். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இன்னாருக்கு என்று வரிசையாக இருக்கும். டபுள் என்ட்ரி படித்தவனுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பன்னிரண்டாவது அத்தியாயம் பிசிஐ பற்றியது. மதர்போர்டில் கார்டுகளைச் செருகுகிறோமே, அந்தப் பாதைக்கு பிசிஐ என்று பெயர். அதற்கு முன்பு ஐஎஸ்ஏ என்று ஒன்று இருந்தது. அதில் கார்டுக்கு நம்பர் வைப்பது நம் பொறுப்பு. ஜம்பர் என்ற பொடிசான துண்டைப் பிடுங்கி, வேறு முள்ளில் மாட்ட வேண்டும். சவுண்ட் கார்டுக்கு வழக்கமாக ஹெக்ஸ் கணக்கில் 220. அதே நம்பரில் இன்னொரு கார்டும் இருந்தால்? ஒரே வீட்டு நம்பரில் இரண்டு குடித்தனம். கூப்பிட்டால் இரண்டு பேரும் 'என்ன?' என்பார்கள். இரண்டும் ஓடாது.

பிசிஐயில் இந்த ரகளை இல்லை. கரன்ட் வந்ததும் கார்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'நீ யார், என்ன வேண்டும்?' என்ற விசாரணைக்கு மட்டும் பதில் சொல்லும். பஸ் 256 வரை, ஒவ்வொரு பஸ்ஸிலும் 32 இடம், ஒவ்வோர் இடத்திலும் 8 வேலை வரை. ஒன்று விடாமல் போய்க் கேட்டுவிட்டு, அப்புறம்தான் விலாசம். பிசியில் முதல் ரவுண்டை பயாஸ் முடித்து வைத்திருக்கும். லினக்ஸ் அதைச் சரிபார்த்து, மோதல் இருந்தால் மாற்றிப் போடும். இந்த நாகரிகத்தைப் புத்தகம் அழகாகவே சொல்கிறது.

இனி குறை. கார்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கண்டுபிடிப்பது எப்படி? இருப்பதிலேயே ரசமான கட்டம் அதுதான். விலாசம் எழுதும் இடத்தில் முழுக்க 1 என்று எழுதிவிட்டு, திரும்பப் படிக்க வேண்டும். கார்டு சில இடங்களை மாற்ற விடாமல் 0-வாகவே வைத்திருக்கும். அடியில் சில பிட்கள் வேறு குறிப்புகளுக்கானவை. அவற்றைக் கழித்துப் பார்த்தால், கடைசி 20 இடம் 0 என்றால் அதற்கு வேண்டியது 10,48,576 பைட். அதாவது ஒரு எம்.பி. வாய் திறக்காமலே அளவு சொல்லிவிட்டது! ஆசிரியர்களோ, 'இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு, விலாசம் வரும்' என்று தாவிவிடுகிறார்கள். பந்தியில் பாயசத்தைத் தாண்டிப் போகிற ஆசாமிகள்!

இரண்டாவது குறை பெரிது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் பெரும்பாலான பாகங்கள் பிசிஐ மாதிரி கேட்டால் பதில் சொல்லும் ஜாதி இல்லை. எந்த நம்பரில் என்ன இருக்கிறது என்று போர்டு செய்தவரே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் இதைக் கெர்னலுக்குள்ளேயே எழுதித் தள்ளினார்கள். குப்பை சேர்ந்து, 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுப்பாகித் திட்டித் தீர்த்தார். அதற்குப் பிறகு ஏஆர்எம் உலகம் 'டிவைஸ் ட்ரீ' பக்கம் வந்தது. ஒரு தனிப் பட்டியல். இந்தப் பாகம், இந்த விலாசம், இவ்வளவு இடம். சென்னை ஐஐடியின் 'சக்தி' எந்த வகையைச் சேர்ந்ததோ, அந்த ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்களில் லினக்ஸ் ஓடவும் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் வழி. 2005 புத்தகத்தில் இது இல்லை. நாலாம் பதிப்பும் வரவில்லை.

சரி, பட்டியல் தப்பாக இருந்தால்? கெர்னல் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டும். சில போர்டுகளில் மொத்த மெஷினும் அப்படியே உறைந்துவிடும். அதனால் நல்ல டிரைவர் எழுதுகிறவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். பட்டியல் சொன்ன விலாசத்துக்குப் போனதும், சிப்புக்குள் பொறித்திருக்கும் அடையாள எண்ணை முதலில் படிக்கிறார்கள். பொருந்தவில்லையா? 'நான் தேடிவந்த ஆள் இங்கே இல்லை' என்று கெர்னலிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அனுமதி வாங்கிய வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் நம்பர், அதில் என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு மருந்து, பக்கத்து அறைக்கு எத்தனை இடைவெளி, எல்லாம் இருக்கும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று இருபதுக்கும் மேற்பட்டோர். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் அதே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன: அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அதிக மருந்து, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை, உள்குத்தகை. காகிதத்தில் ஒருவர், உள்ளே வேறொருவர். அடையாள எண்ணைப் படித்துப் பார்க்காமல் எழுத ஆரம்பித்த டிரைவர் கதைதான். ஒரு வித்தியாசம். மெஷின் உறைந்தால் ரீஸ்டார்ட் செய்யலாம்.

இத்தனை கேள்வி கேட்டுத்தான் ஒரு சவுண்ட் கார்டுக்கு விலாசம் கொடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கே இவ்வளவு விசாரணை.

புத்தகத்தைப் படிக்கலாமா? கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கண்டிப்பாகக் கையில் கொடுங்கள். 9, 12 இரண்டு அத்தியாயங்களும் நிதானமாக. விட்டுப்போன டிவைஸ் ட்ரீக்கு, கெர்னலோடு கூடவே வரும் குறிப்புகள் இருக்கின்றன, சேர்த்துப் படிக்கட்டும். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பட்டியல்ல இருக்கு, சரிப்பா. நீ போய்த் தட்டிப் பார்த்தியா?'