கலங்கல் ஏன் தெளிகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற வளாகத்தில் கழிவுநீர் ஆலை நடத்துபவரின் கேள்வி எளியது: வெளியேறும் நீர் ஏன் தெளிகிறது, ஏன் திடீரென்று கலங்குகிறது? புரோட்டோசோவா பாக்டீரியாவை வேட்டையாடுவதை விவரிக்கும் சமன்பாடுகளை இந்தக் கேள்வியின் முன் நிறுத்தியே எடைபோட வேண்டும்.

இரையும் வேட்டையாடியும் மாறிமாறி ஏறியிறங்கும் அலையைக் காட்டும் லோட்கா-வோல்டெரா சமன்பாட்டு இணை இங்கே தேறாது. அதில் இரைக்கு உணவுத் தட்டுப்பாடு இல்லை, வேட்டையாடிக்கு வயிறு நிறைவதில்லை, தொட்டிக்கு வரத்தும் போக்கும் இல்லை. உயிரியலாளர் காஸ் 1934 நூலில் காட்டிய சோதனைக்குழாயிலேயே அந்த அலை எழவில்லை. வேட்டையாடியான டிடினியம் இரையான பாரமீசியத்தைத் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியில் மடிந்தது.

மோனோவின் வளர்ச்சி விதியை இரைக்கும் வேட்டையாடிக்கும் பொருத்திய காலின் கர்ட்ஸின் 1973 மாதிரி வேறு தரம். அதன் பின்னே சோதனைச் சான்று நிற்கிறது. 1968இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சிற்றாலைச் சோதனையில், சிலியேட்டுகள் என்னும் புரோட்டோசோவா இல்லாதபோது வெளியேறும் நீரில் மில்லிலிட்டருக்கு 10 கோடிக்கும் மேல் உயிருள்ள பாக்டீரியா. அவற்றைச் சேர்த்தபின் 1 கோடிக்கும் கீழ். மாதிரியின் சாதனையோ ஒரு நுட்பமான பிரிப்பில் இருக்கிறது. நீந்தும் சிலியேட்டுகள் நீரோடு போய்விடும். காம்பால் பாக்டீரியாத் திரளில் ஒட்டியவை ஸ்லட்ஜ் என்னும் சேற்றோடு படிந்து தொட்டிக்கே திரும்பும். காம்புள்ள வோர்டிசெல்லா நிலைப்பதை விளக்க வேறெதையும் திணிக்க வேண்டியதில்லை. இந்தச் சிக்கனத்தை மிக உயர்வாக மதிக்கிறேன்.

குறையும் சிறிதன்று. வீட்டுக் கழிவுநீரை மனத்தில் வைத்து எழுந்த அந்த மாதிரியில் நஞ்சுக்கு இடமில்லை. வேதிப்பொருள், உலோக ஆலைகளின் கழிவில் உப்போ உலோகமோ திடீரென ஏறினால், பெரும்பாலும் பாக்டீரியாவுக்கு முன்பே சிலியேட்டுகள் சாகும், நீர் கலங்கும். அந்தக் கலங்கலுக்கு மாதிரி வரத்தின் வேகத்தைக் காரணமாகக் காட்டும். ஆலைக்காரர் தவறான வால்வைத் திருப்புவார்.

கழிவுநீர் ஆலை வடிவமைப்புக்கென 1987இல் வந்த ஏஎஸ்எம்1 மாதிரி, வேட்டையையும் இறப்பையும் ‘சிதைவு’ என்ற ஒரே கெழுவுக்குள் அடக்கியது. ஆக்சிஜன் தேவையையும் ஸ்லட்ஜ் அளவையும் கணிக்க அது போதும், வடிவமைப்பாளருக்கு நியாயமான தேர்வு. தெளிவைப் பற்றி அதனிடம் கேட்கவே முடியாது.

ஆகவே கர்ட்ஸை விளக்கமாக ஏற்கிறேன், கணிப்பாக ஏற்கவில்லை. நஞ்சால் நேரும் இறப்புக்கு ஓர் உறுப்பு சேர வேண்டும். அதன் கெழுவை இந்த ஆலைகளின் ஸ்லட்ஜிலேயே அளக்க வேண்டும். நுண்ணோக்கியும் நாள்தோறும் ஒரு சொட்டு நீரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.