காத்திருக்கும் மூட்டைகள்

கனோ நகரத்தின் பழைய புகைப்படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். நிலக்கடலை மூட்டைகளை அடுக்கி எழுப்பிய கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 15,000 மூட்டை. உச்சியில் நிற்கும் ஆள் குருவி அளவுக்குத் தெரிவார். வடக்கு நைஜீரியாவின் இந்தக் கடலைக் கோபுரங்களை அந்த நாடு இன்றும் தன் பொற்காலமாக நினைவில் வைத்திருக்கிறது. எண்ணெய் வந்துதான் எல்லாம் கெட்டது, மண்ணுக்குத் திரும்புவோம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் படத்தைத் தொடாமல் இறங்குவதில்லை. 2022 ஜனவரியில் அப்போதைய அதிபர் முகம்மது புஹாரி அபுஜாவில் நெல் மூட்டைக் கோபுரங்களைத் திறந்துவைத்ததும் இந்த ஏக்கத்தை நம்பித்தான்.

ஆனால், கடலை ஏன் கோபுரமாகக் குவிந்தது? கனோவிலிருந்து லாகோஸ் துறைமுகம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். அறுவடை வந்து குவிகிற வேகத்துக்கு ரயில் பெட்டிகள் ஈடுகொடுக்கவில்லை. வண்டிக்காகக் காத்திருந்த மூட்டைகளை மேலே மேலே அடுக்கினார்கள். பெருமையாக நாம் பார்க்கும் படம் ஒரு போக்குவரத்து நெரிசலின் படம்.

இன்னொன்றும் உண்டு. 1911-இல் ரயில் கனோவை எட்டியபோது பிரிட்டிஷ் அரசும் லங்காஷயர் ஆலை முதலாளிகளும் எதிர்பார்த்தது பருத்தி. விதை கொடுத்தார்கள், பிரச்சாரம் செய்தார்கள். ஹௌசா விவசாயிகளோ கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: கடலைக்கு விலை நன்றாயிருக்கிறது, விலை விழுந்தால் வீட்டில் தின்னவும் செய்யலாம். பருத்தியைத் தின்ன முடியுமா? உள்ளூர் வணிகர்கள் கிராமம் கிராமமாகப் போய் வாங்கினார்கள். நைஜீரிய வரலாற்றின் மிகப் பெரிய எண்ணெய் சாரா ஏற்றுமதி எழுச்சிகளில் ஒன்று, அரசு வேறொரு பயிரை ஊக்குவித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. ரயில், விலை, வணிகர் மூன்றும் சேர்ந்தன, அவ்வளவுதான். பிற்பாடு வந்த ஒவ்வொரு திட்டத்தையும் நான் இந்த மூன்றை வைத்தே எடைபோடுகிறேன்.

பணம் வந்ததும் அரசு வந்தது. 1940களில் கொள்முதல் வாரியங்கள் உருவாயின. உலக விலை ஏறி இறங்குவதிலிருந்து விவசாயியைக் காப்பது அவற்றின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையில் உலக விலைக்கும் வயல் விலைக்கும் இடைப்பட்ட பணம் வாரியத்தில் தங்கி, பிறகு பிராந்திய அரசுகளின் செலவுக்குப் போனது. கொக்கோ, செம்பனை, கடலை மூன்றிலும் இதே கதை. ஆகவே எண்ணெய்தான் விவசாயத்தைக் கொன்றது என்ற வாதம் பாதி உண்மை. எண்ணெய் வருவதற்கு முன்பே அரசு ஏற்றுமதியாளரைக் கறவைமாடாக நடத்தப் பழகியிருந்தது. 1956-இல் நைஜர் டெல்டாவின் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டு, 1958-இல் முதல் கப்பல் புறப்பட்டு, 1973-74-இல் உலக விலை நான்கு மடங்கானபோது, அந்தப் பழைய மாட்டுக்குத் தீனி போடும் தேவையும் இல்லாமல் போயிற்று. நாட்டின் நாணயமான நைரா வலுத்தது, இறக்குமதி மலிந்தது, கடலை விளைவிக்கிறவருக்குக் கிடைத்த நைரா சுருங்கியது. 1970களின் வறட்சியும் 1975-இல் தாக்கிய ரோசெட் வைரஸ் நோயும் மிச்சத்தை முடித்தன.

கோபுரங்கள் மறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1976-இல், நைஜீரிய ஏற்றுமதி ஊக்குவிப்பு மன்றத்துக்கான ஆணை பிறந்தது. அதன்பின் 1986-இல் ஊக்கத்தொகைச் சட்டம், 1991-இல் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி, 1992-இல் ஏற்றுமதிப் பதன மண்டலங்களுக்கான ஆணையம், 2016-இல் ‘பூஜ்ய எண்ணெய்த் திட்டம்’. அமைப்புகளுக்குக் குறைவே இல்லை. இத்தனைக்கும் பிறகும் பல பத்தாண்டுகளாகக் கச்சா எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்து ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு அளவில் நின்றன. இதை வைத்து ஊக்குவிப்பே வீண் என்று முடிவுகட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெருந்தொகை போனது ஏற்றுமதி விரிவாக்க மானியத்தில். ஏற்றுமதி மதிப்பில் 30 விழுக்காடு வரை ஊக்கத்தொகை. கேட்பதற்குத் தாராளம். ஆனால், அது பணமாக வரவில்லை. சுங்கவரி கட்டப் பயன்படும் சான்றிதழாக வந்தது. கொஞ்சம் யோசித்தால் இதன் விசித்திரம் புரியும். சரக்கை வெளியே அனுப்பியதற்கான பரிசை, சரக்கை உள்ளே கொண்டுவந்தால்தான் அனுபவிக்க முடியும். இறக்குமதித் தொழிலும் கையில் வைத்திருந்த பெரிய குழுமங்களுக்கு அது தங்கம். எள்ளும் சுக்கும் மட்டும் அனுப்பிய சிறு வணிகருக்கோ, தள்ளுபடியில் விற்றுத் தீர்க்க வேண்டிய காகிதம். அதிலும் ஒரு கட்டத்தில் சுங்கத்துறையே சான்றிதழை ஏற்க மறுத்தது. அவர்களுக்கு வருவாய் இலக்கு இருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு இலக்கை எப்படி எட்டுவது? அரசின் ஒரு கை எழுதிக் கொடுத்ததை இன்னொரு கை செல்லாது என்றது. திட்டம் நின்றது, நிலுவை குவிந்தது, பிறகு கடன்பத்திரங்களாக மாற்றித் தீர்க்கும் ஏற்பாடு வந்தது, வேறு வடிவில் மானியம் மீண்டும் தொடங்கியது. வாக்குறுதியை நம்பி ஆலை விரிவாக்கியவர்கள் அதற்குள் வட்டி கட்டிக் களைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மானியம் வருவது எண்ணெய்ப் பணத்திலிருந்து. எண்ணெய் விலை சரியும்போதுதான் மற்ற ஏற்றுமதியின் அவசரம் அரசுக்கு உறைக்கிறது. அப்போது கையில் காசில்லை. விலை ஏறும்போது காசு இருக்கிறது, அவசரம் போய்விடுகிறது. 2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. ‘பூஜ்ய எண்ணெய்’ என்ற சொல் அந்த ஆண்டில் பிறந்ததில் வியப்பில்லை.

நாணய மாற்று விகிதம்தான் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய முரண். ஏற்றுமதியாளர் ஈட்டும் டாலரை வங்கி வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். 2022 தொடக்கத்தில் அரசு விகிதம் டாலருக்கு சுமார் 416 நைரா. தெருவில் 570 அளவில் போனது. மத்திய வங்கி அந்தப் பிப்ரவரியில் ‘ஆர்டி 200’ என்றொரு திட்டம் அறிவித்தது: மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் எண்ணெய் சாராத வழிகளில் 20,000 கோடி டாலர் திரட்டுவது. ஈட்டிய டாலரைச் சந்தையில் பிறருக்கு விற்றால் ஒரு டாலருக்கு 65 நைரா ஊக்கத்தொகை, தன் தேவைக்கே வைத்துக்கொண்டால் 35. அதாவது ஒரு டாலருக்கு நூற்றைம்பது நைராவை விகிதத்தின் பெயரால் எடுத்துக்கொண்டு, 65-ஐ வெகுமதி என்று திருப்பிக் கொடுத்தார்கள். பழைய கொள்முதல் வாரியம் வேறு உடுப்பில் வந்திருந்தது. விலையைப் பிடுங்கியது அது. விகிதத்தைப் பிடுங்கியது இது.

2023 ஜூனில் விகிதங்களை ஒன்றாக்கி நைராவை மிதக்கவிட்டார்கள். ஊக்கத்தொகையும் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே டாலர் 1,500 நைராவைத் தாண்டியது. விகிதம்தான் எல்லாம் என்று வாதிடும் பொருளியலாளர்களுக்கு, என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான், அடுத்து வந்த எண்கள் ஒரு குட்டு. ஊக்குவிப்பு மன்றத்தின் கணக்கில் எண்ணெய் சாரா ஏற்றுமதி 2022-இல் சுமார் 480 கோடி டாலர். 2023-இல் அது 450 கோடிக்கு இறங்கியது. 2024-இல் 546 கோடிக்கு ஏறியது. அந்த ஏற்றத்திலும் கானா, ஐவரி கோஸ்ட் விளைச்சல் சரிந்து கொக்கோ டன் 10,000 டாலருக்கு மேல் போனதன் பங்கு பெரிது. மலிவான நைரா கதவைத் திறந்தது. ஆனால் கதவுக்கு வெளியே சாலை இல்லை. ஆலையில் மின்சாரம் இல்லை. வங்கி வட்டியோ வியாபாரியின் லாபத்தையே விழுங்கும் அளவு.

மன்றத்தின் ஏற்றுமதிக் கணக்கிலேயே ஒரு வேடிக்கை. 2022-இல் எண்ணெய் சாரா ஏற்றுமதியின் தலையில் நின்றது யூரியா. போர்ட் ஹார்கோர்ட் அருகே எலமே ஆலையும், 2022 மார்ச்சில் திறந்த, ஆண்டுக்கு 30 லட்சம் டன் திறன் கொண்ட டாங்கோட்டே ஆலையும் கொடுத்த சரக்கு. யூரியாவின் மூலப்பொருள் இயற்கை வாயு. நைஜர் டெல்டாவின் அதே குழாயிலிருந்து வந்ததை வெள்ளை மணியாக்கி மூட்டை கட்டினால் அது ‘எண்ணெய் சாராதது’ ஆகிவிடுகிறது. யூரியாவைப் பழிக்கவில்லை, எரித்து வீணாக்கிய வாயுவை உரமாக்குவது நல்ல தொழில். சிக்கல் பெயரில் இருக்கிறது. இல்லாததைக் கொண்டு இருப்பதைக் குறிக்கும் சொல் இது. ஒரு பெரும் ஆலையின் வாயுவும் ஓயோ மாநிலத்து முந்திரித் தோப்பும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்ந்து, அந்தத் தொகை ஏறினால் வெற்றி என்று அறிக்கை வருகிறது. எத்தனை பேர் கைக்கு வேலை வந்தது என்பது அதில் தெரியாது.

முந்திரி என்றதும் நம் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. பண்ருட்டியில் உடைபடும் கொட்டையில் ஒரு பங்கு தூத்துக்குடி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. இன்று உலகப் பெருநிறுவனமாகிவிட்ட ஓலம், 1989-இல் நைஜீரியாவிலிருந்து இந்தியாவுக்கு முந்திரி அனுப்பத்தான் தொடங்கியது. நாலு கிலோ கொட்டை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு. நைஜீரியா மூன்று பங்கு தோட்டையும் சேர்த்தே கப்பலேற்றி, உடைக்கும் கூலியை நமக்கும் வியட்நாமுக்கும் விட்டுக்கொடுக்கிறது. இதைக் கண்டு வரும் ஆத்திரம் நியாயமானதே. ஆனால், ஆத்திரத்தில் கிடைக்கும் எளிய ஆயுதம் தடை. 2025 ஆகஸ்டில் அதிபர் டினுபு ஷியா வெண்ணெய் எடுக்கும் கொட்டையைக் கச்சாவாக ஏற்றுமதி செய்ய ஆறு மாதத் தடை விதித்தார். உலக ஷியா விளைச்சலில் ஏறக்குறைய 40 விழுக்காடு அங்கே. சந்தை மதிப்பிலோ ஒரு விழுக்காடு மட்டுமே என்பது அரசின் வாதம். கொட்டை பொறுக்குவது பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். வெளிநாட்டு வியாபாரி போய்விட்டால் உள்ளூர் ஆலை சொன்னதே விலை. ஆலைகள் எழ வருடங்கள் ஆகும். கொட்டைக்கு அத்தனை நாள் பொறுமை கிடையாது. ஆலைக்கான செலவை அந்தப் பெண்கள் தலையில் கட்டுவதற்குப் பெயர் ஊக்குவிப்பா?

வெளியே அனுப்பு என்று ஒரு குரலும் அனுப்பாதே என்று ஒரு குரலும் சேர்ந்தே ஒலிப்பது அங்கே புதிதல்ல. 2017 ஜூனில் அப்போதைய வேளாண் அமைச்சர் ஆடு ஓக்பே, யாம் எனப்படும் பெருவள்ளிக் கிழங்கு 72 டன்னை லாகோஸிலிருந்து விழா எடுத்து வழியனுப்பினார். அமெரிக்கா போய்ச் சேர்ந்த கிழங்கு அழுகியிருந்ததாகச் செய்தி வந்தது. அழுகலைவிடப் பெரிய செய்தி, யாம் ஏற்றுமதியைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் அன்றைக்கும் ஏட்டில் இருந்தது என்பது. 2019 ஆகஸ்டு முதல் 2020 டிசம்பர் வரை அரிசிக் கடத்தலைத் தடுக்கவென்று நில எல்லைகளை மூடியதும் இதே ரகம். நைஜர், பெனின் நாடுகளுக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த உள்ளூர்ச் சரக்கும் அதே சுங்கச்சாவடியில் நின்றது. கனோ அருகே தவனாவ் தானியச் சந்தை எந்த மானியமும் இல்லாமல் பக்கத்து நாடுகளுக்கு விற்கும் சந்தை. அதற்குத் தேவைப்பட்டது உதவிகூட அல்ல, குறுக்கே நிற்காமல் இருப்பது.

நல்லதைச் சொல்லாமல் போனால் திறனாய்வு ஆகாது. ஏற்றுமதி ஊக்குவிப்பு மன்றத்தின் மிகப் பயனுள்ள வேலைகள் விழா எடுக்க முடியாத சின்ன வேலைகள்: சிறு ஏற்றுமதியாளருக்குத் தரச்சான்று பெறக் கற்றுக்கொடுப்பது, சிப்பம் கட்டும் முறை, வாங்குபவரைக் கண்டுபிடிக்கும் வழி. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் நைஜீரியாவின் உலர்ந்த பயறுகளைத் தடை செய்தது. டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தின் எச்சம் அளவு மீறியிருந்தது. மருந்து ஏன் அடித்தார்கள்? தட்டைப்பயறு மூட்டையில் வண்டு விழுகிறது. வைத்து விற்க வேறு வழியில்லை. காற்றுப்புகாத மூன்றடுக்குப் பை ஒன்று பர்டூ பல்கலைக்கழக ஆய்வில் உருவாகி மேற்கு ஆப்பிரிக்கா முழுதும் பரவியிருக்கிறது. மருந்தில்லாமலே வண்டு மூச்சுத்திணறிச் சாகிறது. ஒரு பையின் விலையோடு ஏற்றுமதி மானியக் கோடிகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. சோதனைக்கூடமும் பையும் கிராமத்துக்குப் போவதுதான் ஏற்றுமதிக் கொள்கை என்று சொன்னால், தலைநகரில் யாரும் அதை ஒரு திட்டமாகவே மதிக்கமாட்டார்கள்.

இந்தோனேசியாவை ஒப்பீட்டுக்குச் சொல்வது வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. அதுவும் எண்ணெய் நாடு, அதுவும் ஊழல் மிகுந்த ராணுவ ஆட்சி. ஆனால், சுகார்த்தோ அரசு 1978-இல், தலைக்கு மேல் கத்தி தொங்காதபோதே, ரூபியாவின் மதிப்பைக் குறைத்தது. 1985-இல் துறைமுக லஞ்சம் ஏற்றுமதியைக் கொல்கிறது என்று கண்டு சுங்கத்துறையின் சரக்குச் சோதனைப் பொறுப்பையே பிடுங்கி ஒரு சுவிஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. 1980களின் இறுதிக்குள் அந்த நாட்டில் எண்ணெய் சாரா ஏற்றுமதி எண்ணெயை முந்திவிட்டது. காடழித்து ஒட்டுப்பலகை விற்றதையும், தொழிலாளர் வாயைக் கட்டி வைத்திருந்ததையும் மறந்துவிட்டு இதைப் புகழக் கூடாது. நைஜீரியா அங்கிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்றுதான்: புது மானியம் தேடுவதற்கு முன் கப்பலுக்கும் வயலுக்கும் இடையில் எது நிற்கிறது என்று பார்ப்பது.

லாகோஸின் அப்பாப்பா துறைமுகச் சாலையில் ஏற்றுமதிச் சரக்கு லாரிகள் வாரக்கணக்கில் நின்ற காலத்தை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஓட்டுநர்கள் வண்டிக்கடியிலேயே சமைத்து, வண்டிக்கடியிலேயே உறங்கினார்கள். பெட்டிக்குள் எள்ளும் முந்திரியும் வெந்தன. நெரிசலைக் குறைக்க 2023 ஜனவரியில் லெக்கி ஆழ்கடல் துறைமுகம் திறந்தது. பெரிய கப்பல்கள் அணையும் நவீனத் துறைமுகம், விழாவுக்கு அப்போதைய அதிபர் புஹாரியே வந்திருந்தார். அதற்குள் போகத் தண்டவாளம் மட்டும் போட்டிருக்கவில்லை.