நிமிர்ந்து நிற்கும் ஓவியங்களும் குனிந்த முதுகுகளும்

தஞ்சாவூர் ஓவியம் என்றவுடன் பொற்றகடும் வண்ணக் கற்களும் பதித்த தெய்வ உருவங்களே நம் நினைவுக்கு வரும். அதே மண்ணில் வேறொரு வகை ஓவியமும் செழித்திருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக வரையப்பட்ட அவற்றைக் ‘கம்பெனி ஓவியங்கள்’ என்பர். காவிரிப் படுகையின் அன்றாட மாந்தரே அவற்றின் பொருள். கள் இறக்குபவர், குயவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், போர்வீரர் எனப் பலரும், பெரும்பாலும் மனைவியோடும் கைக்கருவியோடும், தாளுக்கு ஓர் இணையராக நிற்கின்றனர்.

இவற்றை வரைந்தவர்கள் முச்சியர் எனப்பட்ட ஓவியர்கள். பட்டறைகளில் பலர் கூடி உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எஞ்சவில்லை. 1799இல் இரண்டாம் சரபோசி மன்னர் ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். இந்நாட்டை ஆளவும் வரி தண்டவும் வந்தோர்க்கு இம்மக்கள் யாரென அறியும் ஆவலும் இருந்தது, தேவையும் இருந்தது. தாயகம் திரும்பும்போது பெட்டியில் எடுத்துச் செல்லத்தக்க நினைவுப் பொருளாகவும் இத்தொகுப்புகள் பயன்பட்டன. இன்று அவற்றுள் பல லண்டன் மாநகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஆகவே நம் முன்னோரின் எளிய வாழ்வு முதன்முதலாகக் காட்சிக்கு வந்தபோது, அதைக் காணும் வாய்ப்பு அம்முன்னோர்க்கே கிட்டவில்லை.

கலை என்ற அளவில் இவ்வோவியங்களைக் குறைத்து மதிப்பிட இயலாது. சேலைக் கட்டின் மடிப்பு, தலைப்பாகையின் சுற்று, காதணியின் வடிவு ஆகியவற்றை அத்துணைக் கவனத்தோடு தீட்டியுள்ளனர். கோயிற் சுவரிலும் அரண்மனைச் சுவரிலும் இடம்பெறாத உழைப்பாளி இங்கே தாளின் நடுவில் நிற்கிறார். அது சிறிய செய்தியன்று.

எனினும், நீண்ட நேரம் பார்ப்பவர்க்கு ஒரு வெறுமை புலப்படும். காலடியில் ஒரு கீற்று மண், பின்னால் வெளிர்நீல வானம், அவ்வளவே. வயல் இல்லை, வாய்க்கால் இல்லை, களம் இல்லை. நெல் விளையும் நாட்டில் உழைப்பு என்பது கூட்டு உழைப்பு. நாற்றுப் பறிப்பதும், பெண்கள் வரிசையாய் நின்று நடுவதும், களை எடுப்பதும், கதிரடிப்பதும் ஒருவரால் ஆகும் காரியங்கள் அல்ல. அந்தக் கூட்டத்தைப் பிரித்து இருவர் இருவராக நிறுத்தி, கீழே சாதியின் பெயரையோ தொழிலின் பெயரையோ எழுதிவிட்டால், மனிதர் மாதிரிப் பொருளாகி விடுகின்றனர். திருச்சிராப்பள்ளியில் காக்காய்ப்பொன் தகட்டின்மேல் தீட்டப்பட்ட சிற்றோவியங்களும் இவ்வகையினவே. அப்பிரக ஓவியத் தொகுப்புகள் சிலவற்றில் முகம் ஒன்றே. முகமில்லா உடைகள் பல. ஒரே முகத்தின்மேல் தகடுகளை மாற்றி மாற்றி வைத்துக் களிக்கலாம்! ஆளைவிட அடையாளத்தையே பெரிதெனக் கண்ட பார்வைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்பார்வை ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. பண்ணையாள் என்ற சொல்லுக்குள் அடைபட்ட மக்களுக்காக 1952இல் தஞ்சைக்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அதில் மடிந்தனர். அது கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு. நம் ஆலயங்களில் குடில்கள் ஒளிர்ந்துகொண்டிருந்த நேரம்.

குடில் என்றதும் ஓர் ஒப்புமை தோன்றுகிறது. தஞ்சை முச்சியர் வாழ்ந்த அதே 18ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கலைஞர்கள் பெரும் குடில்களை உருவாக்கினர். ரொட்டி சுடுபவர், மீன் விற்பவர், இசைப்போர், இரவலர் என ஒரு நகரத்தின் அன்றாடமே அவற்றில் நிறைந்திருக்கும். அவையும் செல்வர்க்காகச் செய்யப்பட்டவையே. ஆயினும் அங்கே எவரும் தனித்து நிற்பதில்லை. ஒரே தெருவில், ஒருவரோடு ஒருவர் தோளுரச, ஒரே பிறப்பைச் சூழ்ந்து நிற்கின்றனர். கைத்திறனில் இரண்டும் சிறந்தவையே. மனிதரை உறவோடு காண்பதா, உறவறுத்துக் காண்பதா என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

நம் காலத்தில் இக்கேள்விக்கு நேர்மையாக விடை தேடிய முயற்சி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இதழாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த, உழைக்கும் கிராமப் பெண்களின் ஒளிப்படக் கண்காட்சி அது. பேருந்து நிலையங்களிலும், தொழிற்சாலை வாயில்களிலும், விவசாயத் தொழிலாளர் பேரணிகளிலும் அப்படங்கள் வைக்கப்பட்டன. படத்தில் இருப்போரைப் போன்றவர்களே பார்வையாளராயினர். கம்பெனி ஓவியத்தில் பெண்கள் பெரும்பாலும் நிமிர்ந்து அழகுற நிற்கின்றனர். இங்கே குனிந்த முதுகுகளைக் காண்கிறோம். நடவு வயலை அறிந்தவர் எது மெய்யென எளிதில் கூறிவிடுவர்.

இன்று படுகையின் முகம் மாறி வருகிறது. நடவு இயந்திரம் வந்துவிட்டது. மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர் நம் வயல்களில் நாற்று நடுகின்றனர். இந்த அன்றாடத்தையும் எவரேனும் தீட்டத்தான் வேண்டும். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பயிலும் இளைஞர் குழுவாக முன்வந்தால், நம் பங்கு மன்றங்களின் சுவர்கள் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. ஒரேயொரு வேண்டுகோள்: படத்தின் கீழே சாதியை எழுத வேண்டா, இசைவு பெற்று, நட்டவரின் பெயரை எழுதுங்கள். திறப்பு நாளில் முதல் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கே உரியவை.