ஒற்றை விலையும் நகல் பூட்டும்

ஆப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் திறந்த ஐடியூன்ஸ் இசை அங்காடி, பாடல் ஒன்றுக்கு 99 சென்ட் என ஒரே விலையை வைத்ததோடு, வாங்கிய பாடலைக் குறிப்பிட்ட சில கணினிகளுக்கு மேல் இயங்கவிடாத ‘ஃபேர்பிளே’ என்னும் நகல் தடுப்புப் பூட்டையும் ஒவ்வொரு கோப்பிலும் பொருத்தியது. பெரிய இசை நிறுவனங்களும், அவற்றைச் சாராமல் தம் இசையைத் தாமே வெளியிடும் சுயாதீனக் கலைஞர்களும் இவ்விரு விதிகளுக்கும் ஒன்றுபோல் உட்பட்டனர். விளைவு ஒன்றுபோல் இருக்கவில்லை.

ஒற்றை விலையின் நன்மையை மறுக்க முடியாது. இசைக்கடையில் இடம் கிடைக்காதிருந்தவர்கள், சிடி பேபி போன்ற விநியோகஸ்தர் வழியாக, புகழ்பெற்றோரோடு ஒரே அங்காடியில் ஒரே விலைக்கு விற்றனர். அங்காடியின் பங்கு போக ஏறத்தாழ 70 சென்ட் உரிமையாளர் பக்கம் வந்தது. ஆயினும் அறிமுகமற்ற கலைஞர் முதல் பாடலை மலிவாகத் தரவும், பற்றுள்ள ரசிகர் மனமுவந்து கூடுதலாகக் கொடுக்கவும் அதில் வழியில்லை.

பூட்டை இந்த அளவுகூட ஆதரிக்க இயலாது. நான்கு பெரிய நிறுவனங்களின் நிபந்தனையாலேயே அது வந்ததென 2007 பிப்ரவரியில் எழுதிய ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், 2006இல் பூட்டோடு விற்றவை 200 கோடிப் பாடல்களுக்கும் குறைவு, அந்நிறுவனங்களே பூட்டின்றிக் குறுந்தகடுகளில் விற்றவை 2000 கோடிக்கும் மேல் என்றார். வாசலைத் திறந்துவைத்துச் சன்னலுக்குத் தாழிட்ட இந்த ஏற்பாட்டில், காசு கொடுத்தவரே வேறு நிறுவனத்தின் கருவியில் பாடலைக் கேட்க அதைக் குறுந்தகட்டில் எழுதி, மீண்டும் கணினியில் ஏற்றி, ஒலித்தரத்தையும் இழக்க வேண்டியிருந்தது. ஈமியூசிக் தளத்தில் சாதாரண எம்பி3 கோப்பாக விற்ற சுயாதீனப் பாடல்களுக்கும் ஐடியூன்ஸில் பூட்டு விழுந்ததற்கு ஜாப்ஸின் விளக்கம் பொருந்தாது. பெயர் பரவாத கலைஞருக்கு ஒரு ரசிகர் நண்பருக்குக் கொடுக்கும் நகலே விளம்பரம். பூட்டு முதலில் தடுத்தது அதைத்தான்.

2009இல் ஐடியூன்ஸ் பாடல்களிலிருந்து பூட்டு நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிய பேண்ட்கேம்ப், கலைஞர் வைக்கும் குறைந்தபட்ச விலைக்கு மேல் ரசிகர் விரும்பியதைத் தரலாம் என்ற முறையைப் பூட்டற்ற கோப்புகளோடு இணைத்தது. தமக்கென ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டவருக்கு அது உகந்தது. புதிய ரசிகரைத் தேடுபவரோ சந்தா முறையில் இயங்கும் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களை விட்டு விலக முடிவதில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகையே இல்லை. இவ்விதி பழைய ஒற்றை விலையைவிட அநீதியானது; 99 சென்ட் முறையில் ஒரே ஒரு பிரதி விற்றாலும் அதற்குரிய பங்கு உரிமையாளரின் கணக்கில் சேர்ந்தது.