அறச்சார்பும் மோதலின் கடுமையும்: ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூல்களை முன்வைத்து

முன்னுரை

மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு கதைமாந்தராக நின்று, பகடையின் துணையுடன் கதையை நடத்திச் செல்வது பாத்திரமேற்பு விளையாட்டு. எதிர்ப்படும் உயிரினங்களை ஆட்ட நடத்துநர் இயக்குவார். கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையின் முன்னோடியாகும். ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்னும் மூன்று சார்புகளை அது வகுத்தது. பின்னர் நன்மை, தீமை என்னும் பகுப்பும் சேர்ந்து சார்புகள் ஒன்பதாயின. இவ்வறச்சார்பு மோதலின் கடுமையை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கணக்கில் இடம்பெறாத அறம்

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் உயிரினத்தின் சவால் மதிப்பு, உயிர்ப்புள்ளி, காப்பு, தாக்குதிறன், ஒரு சுற்றில் விளைவிக்கும் சேதம் முதலியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அறச்சார்புக்கு அக்கணக்கில் இடமில்லை. நடத்துநர் அதனை மாற்றிக்கொள்ள விதிநூல் இசைவளிக்கிறது. மாற்றினாலும் சவால் மதிப்பு மாறுவதில்லை.

தீமைச் சார்புடைய கோப்ளின் ஒன்றுக்கு 50 அனுபவப்புள்ளிகள். நான்கு கோப்ளின்களுக்கு 200. எண்ணிக்கை கருதி அது இரட்டிக்கப்பட்டு 400 ஆகிறது. முதல்நிலை மாந்தர் நால்வருக்கு ‘உயிர்க்கொல்லி’ மோதலின் தொடக்க வரம்பும் இதுவே. அதே ஆண்டு வெளியான ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’ என்னும் தொடக்கநிலைக் கதையாட்டத்தின் முதல் மோதலில் இந்நான்கு கோப்ளின்களே வருகின்றன. ஆயின், மூன்று வீழ்ந்தால் நான்காவது தப்பியோட முயலும் என்றும், கோப்ளின்கள் வென்றால் மயங்கிக் கிடப்போரைக் கொள்ளையிட்டுவிட்டு உயிரோடு விட்டுச்செல்லும் என்றும் அக்கதை குறிக்கிறது. எண் உயிர்க்கொல்லி என்று காட்டியதை நடத்தை தணித்துவிடுகிறது.

இக்குறிப்பை நீக்கிப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். மயங்கிக் கிடப்பவர் மீது அருகிலிருந்து படும் ஒவ்வோர் அடியும் இறப்புத் தேர்வில் இரண்டு தோல்விகளாகும். மூன்று தோல்விகளில் உயிர் பிரியும். ஆகவே இரண்டு அடிகளே போதும். இரு நிலைகளிலும் கோப்ளின்களின் சார்பு ஒன்றே, புள்ளியும் ஒன்றே. மாறியது வீழ்ந்தவரை அவை நடத்தும் விதம் மட்டுமே.

மனவுறுதி என்னும் தனி அளவை

டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டின் அடிப்படை விதிநூல் நடத்தைக்கெனத் தனி எண்ணை வழங்கியது. முதல் சாவு நிகழும்போதும், ஒரு தரப்பில் பாதி வீழும்போதும் இரு பகடைகள் உருட்டப்படும். கூட்டுத்தொகை மனவுறுதி எண்ணைக் கடந்தால் அவ்வுயிரினம் ஓடும் அல்லது பணியும். கோப்ளினின் மனவுறுதி 7. எனவே ஒரு தேர்வில் அது நிலைகுலையும் வாய்ப்பு 36இல் 15. கோபோல்டுக்கு 6, வாய்ப்பு 36இல் 21. எலும்புக்கூட்டுக்கு 12, அது ஒருபோதும் பின்வாங்காது. அந்நூலில் இம்மூன்றும் குலைவுச் சார்பினவே. ஒரே சார்புடையவற்றின் போர்நடத்தை இவ்வளவு வேறுபடுவதால், சார்பைக் கொண்டு கடுமையை ஊகிக்க இயலாது என்பது தெளிவாகிறது.

மறுப்பும் மதிப்பீடும்

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அறச்சார்பு நேரடியாகவே எண்களைப் பாதித்தது என்று மறுப்புரைக்கலாம். பாலடின் எனப்படும் அறவீரர் தீமைச் சார்புடையோர் மீது மிகைச்சேதம் விளைவிக்க இயலும் என்பது உண்மை. ஆனால் அவ்விதி தீயவரை வெல்வதை எளிதாக்கிற்றே அன்றிக் கடினமாக்கவில்லை. தீமை மிகுந்தால் மோதலும் கடுமையாகும் என்னும் பொதுக்கருத்துக்கு அது எதிராகவே நிற்கிறது.

ஐந்தாம் பதிப்பின் குறை அறத்தைக் கணக்கில் சேர்க்காதது அன்று, நடத்தையைச் சேர்க்காததே. மனவுறுதி அதில் விருப்ப விதியாகச் சுருங்கியதோடு, கடுமைக் கணிப்புடனும் இணைக்கப்படவில்லை. அதனால் ஒரே எண்ணைக் கொண்ட மோதல் ஓரிடத்தில் சிறு பூசலாகவும் வேறோரிடத்தில் குழுவினர் அனைவரின் சாவாகவும் முடிய நேர்கிறது.

முடிவுரை

உயிரினம் எப்போது பின்வாங்கும், வீழ்ந்தவரை என்செய்யும், பேச்சுக்கு இணங்குமா என்னும் மூன்று வினாக்களுக்கும் அறச்சார்பு உறுதியான விடை தருவதில்லை. அவ்விடைகள் உயிரினக் குறிப்பிலேயே இடம்பெறுமாயின், கடுமை மதிப்பு நடத்துநருக்கு நம்பத்தக்க வழிகாட்டியாகும்.