'வானிலை சரியில்லை' என்பது விடையாகுமா?

சேலத்து மக்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்களுள் மோகன் குமாரமங்கலம் என்பதும் ஒன்று. சேலம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. சேலம் உருக்காலையின் வரலாற்றிலும் அன்றைய எஃகு, சுரங்கத்துறை அமைச்சர் என்ற முறையில் அவருக்கு இடமுண்டு. நம் திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த அக்குடும்பத்தை அறியாத பெரியவர்கள் இப்பக்கத்தில் குறைவு.

அண்மையில் என் வகுப்பு மாணவர்களிடம், "அவர் எப்படி இறந்தார், தெரியுமா?" என்று கேட்டேன். விமான விபத்தில் என்று சிலர் கூறினர். "விபத்து ஏன் நேர்ந்தது?" என்றேன். மூன்று விடைகள் வந்தன. "வானிலை சரியில்லை, சார்" என்றான் ஒருவன். "பைலட் தப்பு என்று எங்கள் தாத்தா சொல்வார், சார்" என்றாள் ஒரு மாணவி. "எல்லாம் விதி, சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது, வகுப்பு சிரித்தது.

சிரித்து முடிந்த பிறகும் இந்த மூன்று விடைகளும் என்னை விடவில்லை. ஏனெனில், எந்த விமான விபத்துக்குப் பிறகும் நாம் செய்தித்தாளில் படிப்பவையும் தேநீர்க் கடையில் கேட்பவையும் இந்த மூன்றுதான். இவை எவ்வளவு தூரம் செல்லும் என்று அறிவியல் நோக்கில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

1973 மே 31. சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம், இரவில் பாலம் விமான நிலையத்தை நெருங்கியது. புழுதிக் காற்று வீசியது. பார்வைத் தொலைவு மிகக் குறைந்திருந்தது. விமானி கருவிகளின் துணைகொண்டு இறங்கினார். ஓடுபாதையை அடையுமுன் விமானம் உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 65 பேரில் 48 பேர் மாண்டனர். மோகன் குமாரமங்கலமும், கோவை நாடாளுமன்ற உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் அவர்களுள் அடங்குவர். 17 பேர் உயிர் பிழைத்தனர்.

ஓடுபாதை கண்ணில் படாமலே, விதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கியது, உரிய நடைமுறை கைக்கொள்ளப்படவில்லை என்பதே விசாரணையின் முடிவு.

முதல் விடை: வானிலை

வானிலைமீது பழி போடுவது எளிது; அது மறுத்துப் பேசாது. ஆனால் அன்றைய காற்று விமானத்தைப் பிடித்துத் தரையில் அடிக்கவில்லை. காற்றிலிருந்த புழுதி செய்தது ஒன்றே: ஒளியை மறைத்தது. ஆகவே 'வானிலை' என்று நிறுத்திவிடாமல், பார்வை எவ்வாறு மறைகிறது என்று கேட்க வேண்டும்.

ஜலகண்டாபுரத்தில் மார்கழி விடியலில் வெளியே வந்து பாருங்கள். தலைக்கு நேர்மேலே நிலா தெளிவாகத் தெரியும். எதிரே வரும் பேருந்தின் விளக்கோ அருகில் வரும்வரை தெரியாது. பனிப்படலம் ஒன்றுதான். மேலே பார்க்கும்போது அதன் தடிமனை மட்டுமே கண் கடக்கிறது. எதிரே பார்க்கும்போது அதன் நீளம் முழுவதையும் கடக்கிறது.

விமானிக்கும் இதே நிலை. விமானங்கள் பொதுவாக 3 பாகைச் சாய்வில் இறங்குகின்றன. 90 மீட்டர் உயரத்தில் இருக்கும் விமானி கீழே நோக்கினால் 90 மீட்டர் புழுதியைத்தான் ஊடுருவ வேண்டும். ஓடுபாதை முனையை நோக்கினாலோ, 90ஐ 3 பாகையின் சைன் மதிப்பால் வகுக்க, சுமார் 1,720 மீட்டர். அதாவது 19 மடங்கு. ஒளி இழப்பு தூரத்தோடு கூட்டல் முறையில் அன்று, பெருக்கல் முறையில் வளர்வது. நேர்கீழே 100க்கு 90 பங்கு ஒளி வந்து சேர்வதாகக் கொண்டால், சாய்வுப் பாதையில் 0.9ஐ 19 முறை பெருக்க வேண்டும். கிடைப்பது 100க்கு 13 பங்கே!

இதன் பொருள் என்ன? கீழே வீட்டு விளக்குகளும் சாலை விளக்குகளும் தெரிகின்றன. எதிரே ஓடுபாதை தெரியவில்லை. 'தரை தெரிகிறதே, இன்னும் சிறிது இறங்கினால் ஓடுபாதையும் தெரிந்துவிடும்' என்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். இயற்கை விரிக்கும் வலை இதுவே. 'வானிலை சரியில்லை' என்ற விடை இந்த வலையைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாம் விடை: விமானி

விதியை மீறியது விமானி என்பது உண்மையே. குறைந்தபட்ச உயரத்தில் ஓடுபாதை தெரியாவிடில் எஞ்சின் விசையைக் கூட்டி மீண்டும் மேலேற வேண்டும் என்பது தெளிவான விதி. அதைக் கடைப்பிடித்திருந்தால் 48 பேர் பிழைத்திருப்பர். இதை மூடி மறைப்பது இறந்தோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. விசாரணையின் முடிவைத் தவறு என்று நான் கூறவில்லை. அது போதாது என்கிறேன்.

அன்று விமானி பயன்படுத்திய துணை, தரையிலுள்ள ஒரு வானொலிக் கலங்கரை. எல்லாத் திசைகளிலும் அலைகளைப் பரப்பும் அந்நிலையத்தை நோக்கி விமானத்திலுள்ள முள் திரும்பும். திசையை மட்டுமே அது காட்டும். எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று காட்டாது. மேலும் இவ்வகைக் கலங்கரைகள் மத்திய அலைவரிசைப் பகுதியில் இயங்குபவை. மின்னல் வெட்டும்போது பழைய வானொலிப் பெட்டி கரகரப்பதை நாம் அறிவோம். அதே காரணத்தால் இடிமேகங்களின் அருகே இந்த முள்ளும் தடுமாறக்கூடும். எப்போது துணை மிகுதியும் தேவையோ, அப்போதுதான் அதன் நம்பகம் குறைகிறது!

ஐ.எல்.எஸ். எனப்படும் கருவித் தரையிறக்க அமைப்பு இதனினும் மேம்பட்டது. அது இரண்டு கற்றைகளை அனுப்புகிறது: ஒன்று இடம், வலம் காட்டும், மற்றொன்று மேல், கீழ் காட்டும். ஒவ்வொரு கற்றையிலும் 90, 150 ஹெர்ட்ஸ் அதிர்வெண்கள் கலந்திருக்கும். இரண்டும் சம அளவில் வந்தால் விமானம் சரியான பாதையில் உள்ளது. ஒன்று ஓங்கினால் விலகிவிட்டது. பாதையின் சாய்வு தெரிவதால், உயரத்தை மனக்கணக்கில் படிப்படியாக இறக்கும் சுமை விமானிக்கு இல்லை.

மேல், கீழ் காட்டும் கற்றை இல்லாதபோது எஞ்சியிருப்பது உயரமானி ஒன்றே. அது உண்மையில் ஓர் அழுத்தமானி. தரைக்கு அருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். அன்றைய இடத்தின் அழுத்தத்தை விமானி 10 மில்லிபார் பிழையாக அமைத்துவிட்டால் உயரம் 80 மீட்டருக்கு மேல் பிழைபடும். சாதாரண ஐ.எல்.எஸ். இறக்கத்தில் முடிவெடுக்க வேண்டிய உயரமே 60 மீட்டர்தான் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க.

காலத்தையும் கணக்கிடுவோம். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் 3 பாகைச் சாய்வில் வரும் விமானம் விநாடிக்கு 3.5 மீட்டர் இறங்கும். 90 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு 26 விநாடிகளே. கீழே விளக்குகளைத் தேடி, முள்ளைப் பார்த்து, உயரமானியைப் படித்து, முடிவெடுக்க இவ்வளவே அவகாசம்.

'விமானியின் தவறு' என்ற சொற்றொடரின் பெரிய குறை இதுதான்: அது கேள்வியை முடித்துவிடுகிறது. 15 ஆண்டுகள் கழிந்தன. 1988 அக்டோபர் 19 அன்று அகமதாபாத்தில், மீண்டும் ஒரு போயிங் 737, மீண்டும் குறைந்த பார்வைத் தொலைவு, ஓடுபாதைக்கு முன்பாகவே மோதல். 133 பேர் மாண்டனர். அங்கும் விமானிகள் நடைமுறையிலிருந்து வழுவியது காரணமாகக் கூறப்பட்டது. பெயர்கள்தாம் மாறின. ஒரே தவறு வெவ்வேறு மனிதர்களால் திரும்பத் திரும்பச் செய்யப்படுமானால், மனிதரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அத்தவறுக்கு வழிவிடும் அமைப்பை ஆராய வேண்டும்.

எங்கள் ஊர் தறிக்காரர்களுக்கு இது புதிதன்று. விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். 'நெசவாளி கண் இமைக்காமல் பார்த்திருக்க வேண்டும்' என்று சொல்லி எவரும் தறி செய்யவில்லை. விமானத்திலும் அத்தகைய அமைப்பு வந்தது. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே இறங்க வந்த போயிங் 727 ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதன்பின் அந்நாட்டில் பெரிய பயணி விமானங்களுக்குத் தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. கீழ்நோக்கி வானொலி அலையை அனுப்பி, எதிரொலியால் உண்மை உயரத்தை அளந்து, ஆபத்தெனில் 'மேலேற்று' என்று குரல் கொடுக்கும் கருவி அது.

மூன்றாம் விடை: விதி

இதற்கு விடை கூறச் சிறு விமானங்களை நோக்குவோம். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிப் பறத்தலில் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் சிறு விமானத்தை ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

காரணம் நம் உட்செவியில் உள்ளது. அங்குள்ள அரைவட்டக் குழல்களின் நீர்மம், சுழற்சி தொடங்குவதையும் நிற்பதையும் மட்டுமே உணர்த்தும். ஒரே சீராகச் சுழன்றால் சில விநாடிகளில் 'சுழலவில்லை' என்று அறிவிக்கும். ராட்டினத்தில் ஏறிக் கண்ணை மூடிய சிறுவனும் இதை அறிவான். இருபதின்மருக்கும் ஒரே விதி வாய்த்திருக்க முடியாது. ஒரே வகைச் செவிதான் வாய்த்திருந்தது. அதே நபர்கள் எளிய பயிற்சிக்குப் பின் கருவிகளை நம்பி விமானத்தைக் காக்கக் கற்றனர் என்பதையும் சோதனை காட்டியது. பயிற்சியால் மாறக்கூடிய ஒன்றை விதி என்று எப்படி அழைப்பது?

பயிற்சி பெற்றவர்க்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2002 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், எவலெத் என்னும் சிற்றூர் விமான நிலையத்தை நோக்கி ஒரு கிங் ஏர் விமானம் மேகத்தினூடே கருவி வழி இறங்கியது. செனட் உறுப்பினர் பால் வெல்ஸ்டோன் உட்பட 8 பேரும் மாண்டனர். இறங்கும்போது வேகம் குறைந்துகொண்டே சென்றதை விமானிகள் தடுக்கவில்லை என்று விசாரணை கண்டது. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே தூக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும். அதை ஈடுசெய்ய மூக்கை உயர்த்திக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குப்பின் இறக்கை தூக்குவதையே நிறுத்திவிடும்.

நம் வகுப்பறையும் தப்பாது

இவ்வளவு கூறிய நான் என் தொழிலையும் விமர்சிக்க வேண்டும். காற்றழுத்தம், சைன் வாய்பாடு, அடுக்குக்குறி முறைத் தேய்வு, எதிரொலி இவை அனைத்தும் நம் பாடத்தில் உள்ளவை. மாணவர் அவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் ஒரு விபத்தைப் பற்றிக் கேட்டால் 'வானிலை', 'பைலட்', 'விதி' என்றே விடையளிக்கின்றனர். குறை மாணவரிடம் இல்லை. வாய்பாட்டைக் கரும்பலகையோடு விட்டுவிட்ட எங்களிடம் உள்ளது.

இது தில்லிக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும் உரிய செய்தியன்று. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் நம் விமான நிலையம் உள்ளது. கிழக்கே சேர்வராயன் மலை நிற்கிறது. நாட்டில் இத்தகைய சிறு நிலையங்கள் பெருகி வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஐ.எல்.எஸ். கோபுரங்களை நிறுவுவது பெருஞ்செலவு. ஆனால் வேறு வழி இப்போது உண்டு. இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய 'ககன்' என்னும் செயற்கைக்கோள் அமைப்பு, தரையில் கற்றை அனுப்பும் கருவி இல்லாமலே விமானிக்கு மேல், கீழ் வழி காட்ட வல்லது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானிலுள்ள கிஷன்கர் என்ற சிறு நிலையத்தில் ஒரு ஏ.டி.ஆர். விமானம் அதன் துணையால் இறங்கிக் காட்டியது.

எனவே, அடுத்த முறை விபத்துச் செய்தியில் 'மோசமான வானிலையே காரணம்' என்று படித்தால், மாணவ நண்பர்களே, அத்துடன் நின்றுவிடாதீர்கள். பார்வைத் தொலைவு எவ்வளவு? எந்தக் கருவி வழி இறங்கினர்? அது உயரத்தைக் காட்டியதா? எச்சரிக்கைக் கருவி இருந்ததா? மீண்டும் மேலேறும் முடிவைத் தயங்காமல் எடுக்க விமானிக்கு ஊக்கம் இருந்ததா? இவற்றைக் கேளுங்கள். கேட்போர் பெருகினால்தான் விடை கூற வேண்டியவர்களும் பொறுப்பாக விடை கூறுவர்.

மருத்துவமனை வாயிலில் பெயரைப் பொறித்து ஒருவரை நினைவுகூர்வது நன்று. அவர் எதனால் மாண்டார் என்பதைச் சரியாக அறிந்து, அவ்வாறு இன்னொருவர் மாளாமல் காப்பது அதனினும் நன்று.